கண்ணாடியில் தெரியாத இடம்

அத்தியாயம் 17

காயத்தை மறைக்க முழுக்கை சுடிதார் போதும் என்று ரமாபாய் நினைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பட்ட அடி, இன்று புதன். வியாசர்பாடியின் இந்தப் புழுக்கத்தில் நான்கு நாளாக மணிக்கட்டு வரை கையை இழுத்துவிட்டுக்கொண்டு திரிகிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள்கூட இவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்கள்.

“காட்டும்மா,” என்றாள் மித்ரா.

மகளுக்குப் பதினான்கு வயது. முழுப்பெயர் சங்கமித்ரா. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் துப்பறியும் வேலை பார்க்கிறாள். அம்மாவின் இடது முழங்கையைத் திருப்பி, பஞ்சால் ஒற்றி, புதிய பிளாஸ்திரி ஒட்டினாள்.

“நீச்சல் கொளத்துப் படியில வியுந்தேன்னு சொன்ன. அன்னிக்கி இத்த கழுவ சொல்லோ உள்ள மண்ணு இருந்திச்சி. கொளத்துல ஏதும்மா மண்ணு?”

“படிக்கிற வேலையப் பாரு.”

“பாத்துகினுதான் கீறேன். நைனாகிட்ட கேக்கட்டா?”

“வேணாம் மித்ரா.”

அம்மா கெஞ்சிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. பஞ்சு டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூர் வளைவில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். மித்ராவுக்குத் தெரியாது. அதைச் செய்த ஆளுக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற ட்ரெய்லரை எங்கள் பக்கத்து ஜனங்கள் வண்டியாகவே மதிப்பதில்லை. அது ஒரு சுவர். அதன் நிழலில் நடப்பார்கள், சாய்ந்து நின்று போன் பேசுவார்கள், சைக்கிளை அதன் ஓரமாகவே விடுவார்கள். ரமாபாயும் விட்டாள். விடிந்தும் விடியாத நேரம், வரிசைக்கு இடது பக்கம், மணலை ஒட்டிய நாலடி இடம். வளைவில் அந்தச் சுவர்களில் ஒன்று நகர்ந்து இடது பக்கம் திரும்பியது. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அவள் மணலில் குதித்தாள். சைக்கிளின் பின்சக்கரம் டயருக்கடியில் போய் அப்பளமானது. வண்டி நிற்கவே இல்லை.

தண்டையார்பேட்டை பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை அவளுக்கு. உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும், பெட்டியின் எண்ணையும், அதன் கதவில் போட்ட சீல் முத்திரையையும் குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு. பதினோரு வருடப் பழக்கம். மணலில் விழுந்து கிடந்தபோதும் கண் தன் பாட்டுக்கு நம்பரைப் படித்துவிட்டது. மாதத்தில் நாலைந்து முறை தன் கையாலேயே எழுதுகிற நம்பர் அது. கீழே மட்கார்டில் நீலப் பெயின்ட்டில் ‘மித்ரா’ என்று எழுதியிருந்தது.

ஓட்டியவன் பாரி. அவள் புருஷன்.

அவன் இப்போது குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். இன்று அவனுக்குப் பெரிய நாள். பதினைந்து வருடம் ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டியவன் என்று டிரைவர்கள் சங்கத்தில் மாலை நாலு மணிக்குச் சால்வை போடுகிறார்கள். கதவில் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது.

“நாலு மணிக்கி வந்துடுவ இல்ல? லோகநாதன் அண்ணன் பேனர்லாம் அடிச்சிட்டாரு. என் மூஞ்சி அதுல பெர்சா கீது.”

“பர்மிசன் கேட்டுக்கீறேன். வந்துடுவேன்.”

“இன்னிக்கி கொளமா?”

“ஆமா. இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கி முப்பது தபா போவணும். அதான் ஏயுநூத்தியம்பது மீட்டரு.”

“மீனாவே ஆயிட்ட போ,” என்று சிரித்தான். “எத்த வேணா பண்ணு ரமா. சைக்கிள மட்டும் ஜிம்முலயே மிதி. எங்க ரோட்டாண்ட வராத. அதான நம்ம பேச்சு?”

அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டுவது பொய்யில் சேராது என்று யாராவது சொன்னால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

மூன்று வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டி. கடலில் ஏழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், கரையேறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். டிரையத்லான் என்று பெயர். ஒன்றைச் செய்யவே இங்கே ஆளைக் காணோம், மூன்றையும் ஒரே காலையில் செய்ய வேண்டுமாம். முப்பத்தேழு வயதில் இந்தப் பூதத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டவள் யார்டில் பில் போடும் ரிஃபானா. ரமாபாய் விளையாட்டாகத்தான் பெயர் கொடுத்தாள். எட்டு மாதத்தில் அதுவே அவளுடைய சொந்தமாகிவிட்டது. பொண்டாட்டி தண்ணீரில் தலையை நுழைக்கப் பயப்படுகிறாள் என்று தெரிந்தபோது, பாரிஸ் கார்னரில் தேடி அலைந்து நீச்சல் கண்ணாடி வாங்கி வந்தவன் பாரிதான்.

அவன் சொல்லை மீறி ரோட்டுக்குப் போனாள் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிளில் கால்தான் ஓடும். பயம் அப்படியே உட்கார்ந்திருக்கும். எதிர்க்காற்று, வளைவு, பிரேக், ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிப்பது, இறங்கிய கையோடு ஓடும்போது காலில் எலும்பே இல்லாதது போல் இருப்பது, இதெல்லாம் ரோட்டில்தான் வரும். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லாமல் போனாள்.

*

பெரியமேட்டுக் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் உண்டு. தண்ணீரில் இறங்கியதும் மருந்து நெடியோடு காயம் எரிந்தது. ரிஃபானா தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு நீச்சல் உடையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சொல்ட்டியா?”

“இன்னும் இல்ல.”

“உன் சைக்கிளு என் வூட்டு மாடிப்படிக்கிக் கீயதான் கீது. எங்க அம்மா தெனம் கேக்குது, இது இன்னாத்துக்கு இப்டி வளஞ்சி கீதுன்னு. நான் இன்னா சொல்றது?”

“இன்னிக்கி அவருக்கு சால்வ போட்றாங்க ரிஃபானா. இன்னிக்கிப் போயி எப்டிச் சொல்லுவேன்?”

“நாளைக்கிச் சொன்னா அத்தவிட மோசம்டி. போட்டுகினப்புறம் சொன்னா அந்த மனுசன் அந்தச் சால்வைய இன்னா பண்ணுவாரு?”

ரமாபாய் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் தலையை விட்டாள். மூன்று கை போட்டு ஒரு மூச்சு. பத்துத் தடவை, பதினைந்து. வழக்கமாக இருபதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இன்று நிற்கத் தோன்றவில்லை. மேலே வந்தால் யோசிக்க வேண்டும். தண்ணீருக்குள் மூச்சை மட்டும் பார்த்தால் போதும்.

ரிஃபானா அவள் தோளைத் தட்டினாள். “முப்பதாயிடிச்சி. நிக்காமப் போய்ட்ட.”

எட்டு மாதக் கனவு. ஓடிப்போய் முதலில் பாரியிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னால் அவன் “மெய்யாலுமா?” என்று கேட்டுக்கொண்டு சிரிப்பான், அந்தச் சிரிப்புக்கு நேரே நின்று இன்னொன்றை மறைக்க வேண்டும். குளித்து உடை மாற்றும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகையோடு கோபமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுவோம். பொண்டாட்டி என்று தெரியாமல் போகட்டும், விடிகாலை இருட்டு. ஓர் உயிர் பக்கத்தில் போகிறது என்றுகூடவா தெரியாது? பதினைந்து வருட அனுபவம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? நான்கு நாளாக இந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

*

பதினொரு மணிக்கு யார்டு வாசலில் வண்டிகள் நிலைக்கு வந்த தேர்கள் போல் தேங்கி நின்றன. வரிசையில் ஐந்தாவது பாரியின் ட்ரெய்லர். கேட்டுக்குள் நுழைய இடது பக்கம் திரும்ப வேண்டும்.

சொக்கம்மாள் டீ கேனோடு வந்துகொண்டிருந்தாள். வரிசையில் நிற்கும் டிரைவர்களுக்கு டீயும் பன்னும் விற்பது அவள் பிழைப்பு. ஒவ்வொரு வண்டியின் இடது பக்கமாகவும் நடந்து, கதவைத் தட்டி, கிளாஸை நீட்டுவாள். எந்த வண்டிக்குச் சர்க்கரை தூக்கல், எதற்குக் கம்மி என்று வண்டியை வைத்துத்தான் அவளுக்கு ஞாபகம்.

பாரியின் வண்டி நகர்ந்தது. இடது பக்க விளக்கு மினுக்கியது. சொக்கம்மாள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், குனிந்து, கேனின் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, நவுரு,” என்று ரமாபாய் கத்தினாள். கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. “யோவ், நிறுத்துய்யா.”

பிரேக் சீறியது. சொக்கம்மாள் நிதானமாக நிமிர்ந்து, சக்கரத்தைப் பார்த்து, இரண்டடி பின்னால் போனாள்.

“இன்னாத்துக்குமே இப்டி கூவுற? நான் தெனம் போற எடம்தான?” என்று சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு நடந்தாள்.

பாரி ஜன்னலில் தலையை நீட்டினான். அவனும் சிரித்தான். சொக்கம்மாள் அங்கே நின்றது அவனுக்குத் தெரியவே இல்லை என்பது அந்தச் சிரிப்பில் பளிச்சென்று தெரிந்தது.

ரமாபாய் கீழே விழுந்த அட்டையை எடுத்தாள். சால்வை, பேனர், போட்டி என்று மூன்றையும் தராசில் வைத்து நான்கு நாள் நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசில் சொக்கம்மாளும் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

வண்டி உள்ளே போய் நின்றதும் அவளே போனாள். “எறங்கு. ஒன்னு சொல்லணும்.”

இறங்கினான். அவள் கையை மேலே சுருட்டி முழங்கையைக் காட்டினாள்.

“நீ கொளத்துல வியுந்தது தான?”

“கொளத்துல இல்ல. ஞாயித்துக்கெயம, எர்ணாவூர் வளவு. நான் உன்கிட்ட சொல்லாம சைக்கிள எட்த்துகினு போனேன். லெஃப்ட்ல போய்கினு இருந்தேன். ஒரு ட்ரெய்லரு லெஃப்ட்ல திரும்பிச்சி. நான் மண்ணுல குதிச்சிட்டேன். சைக்கிளு சக்கரத்துல மாட்டிகிச்சி. இப்ப ரிஃபானா வூட்டாண்ட கீது.”

அவன் முகம் இறுகியது. “எந்த நாயி? நம்பரு பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொல்லு.”

அவனுடைய தோளுக்கு மேலே வண்டியைப் பார்த்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. மறுபடி அவளைப் பார்த்தான். அவள் கண் நம்பர் பலகையைவிட்டு நகரவில்லை.

அவன் கேபினில் ஏறி, டிரிப் சீட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் புரட்டினான்.

“எத்தினி மணி?”

“ஆறு ஆறே காலு இருக்கும்.”

சீட்டை மடித்து வைத்தான். அவள் திட்டு விழும் என்று காத்திருந்தாள். சொன்ன பேச்சை மீறியதற்கு, பொய் சொன்னதற்கு, மறைத்ததற்கு. எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. பெட்டி இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று கேட்டைத் தாண்டும்போது அவன் ஓட்டியது, மாட்டு வண்டி முந்திக்கொண்டு போகும் வேகம்.

*

நாலு மணிக்குத் திருவொற்றியூர் சங்கக் கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. பாரி மட்டும் இல்லை. பேனரில் அவன் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். மித்ரா பள்ளிச் சீருடையோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நைனா போன் எடுக்க மாட்டேங்குது.”

செயலாளர் லோகநாதன் மைக்கில் இரண்டு முறை பெயரைக் கூப்பிட்டார். பிறகு இறங்கி ரமாபாயிடம் வந்தார். “இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

“ஒடம்பு நல்லாதான் கீது அண்ணே. வர மாட்டாருன்னு தோணுது. காரணத்த அவரே உங்களாண்ட சொல்லுவாரு.”

லோகநாதன் சால்வையை மறுபடி பையில் வைத்தார். கூட்டம் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. அப்போது ரிஃபானா போன் செய்தாள்.

“உன் வூட்டுக்காரரு மத்தியானம் எங்க வூட்டாண்ட வந்தாராம். எங்க அம்மா இப்பதான் சொல்லுது. சைக்கிள தூக்கினு போய்ட்டாரு.”

“எதுனா சொன்னாரா?”

“ஒன்னியும் சொல்லலியாம். பின்சக்கரத்தப் பாத்துகினே படியில குந்திட்டாராம். தண்ணி கேட்டாராம். குட்த்தா குடிக்கல.”

காயலான் கடையில் போட்டிருப்பான் என்று ரமாபாய் முடிவு கட்டினாள். போட்டி முடிந்தது, மூன்று வாரத்துக்கு முன்னாலேயே. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கோபப்பட்டுக் கத்தித் தீர்த்துவிட்டால் போதும், சைக்கிள் போகட்டும் என்றும் இருந்தது.

அவன் அங்கேதான் இருப்பான் என்று வண்டி நிறுத்தும் மைதானத்துக்கு அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். மணலி பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ட்ரெய்லரின் பக்கத்தில் பாரி நின்றான். கையில் அவளுடைய சைக்கிள். பின்சக்கரம் புதிது, கம்பிகள் பளபளத்தன.

“ரவிக்குமார் கடையில மாட்டினேன். பிரேக்கும் மாத்திட்டான்,” என்றான். குரல் சாதாரணமாக இருந்தது.

அவள் புதிய சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நான் செஞ்சது தப்புதான்யா. உன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

“அத்த அப்பால பேசலாம். மேல ஏறி குந்து. என் சீட்டுல.”

பதினைந்து வருடத்தில் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. ஏறினாள். உலகம் கீழே போய்விட்டது. மித்ரா மறுபக்கக் கதவு வழியாக ஏறி அம்மா பக்கத்தில் வந்தாள். பாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வண்டியின் முன்னால் போய், இடது பக்கம் திரும்பினான். அதோடு காணோம்.

“லெஃப்ட் கண்ணாடியப் பாரு,” என்று குரல் மட்டும் வந்தது. “தெரியிறனா?”

கண்ணாடியில் வண்டியின் நீளமான பக்கம் தெரிந்தது. கடைசி டயர் தெரிந்தது. அதற்கப்பால் சுவர், சுவரோரம் படுத்திருந்த நாய்.

“தெரியல.”

“நல்லாப் பாரு.”

அவள் எட்டிப் பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். “தெரியலய்யா. எங்க கீற?”

“தோ, இங்கதான் கீறேன். கைய நீட்டினா கதவத் தொடுவேன்.”

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மித்ரா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறடி ஆள், ஒரு சைக்கிள், புத்தம் புதுச் சக்கரம், எதுவும் கண்ணாடியில் இல்லை. அவன் அங்கேயே நின்றான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த முள் அப்போது கழன்று விழுந்தது. அவன் பார்க்காமல் விடவில்லை. பார்க்கவே முடியாத இடத்தில் அவள் இருந்திருக்கிறாள்.

“மேல வாய்யா,” என்றாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். “புரிஞ்சிது. இனிமே வண்டிக்கு லெஃப்ட்ல போவ மாட்டேன். சத்தியமா.”

அவன் ஏறி வந்து மகளுக்கு அடுத்து உட்கார்ந்தான்.

“நீ போவ மாட்ட. சொக்கம்மா போவும். ஸ்கூல் புள்ளங்க போவும். பதினஞ்சு வருசமா ஒரு ஆக்சிடென்ட் இல்லன்னு சொல்லிகினு திரிஞ்சேன். ஆக்சிடென்ட் இல்லியா, எனக்குத் தெரியலியா? எத்தினி பேரு குதிச்சாங்களோ. நீ நம்பரு படிக்கிறவ, அதனால தெரிஞ்சிது.”

“அப்டிலாம் நெனைக்காதய்யா.”

“நெனைக்காம இன்னா பண்றது? மத்தியானம் அந்த வளஞ்ச சக்கரத்த மடியில வச்சிகினு குந்தியிருந்தேன் ரமா. எனக்கு உன் காலுதான் தெரிஞ்சிது.”

மித்ரா அப்பாவின் தோளில் சாய்ந்தாள். அவன் அவள் தலையைத் தடவினான்.

“நீ ரேஸுக்குப் போ. கடல்ல நீந்து, சைக்கிள மிதி, ஓடு. நான் கரையில நின்னு கை தட்றேன். உன்ன நிறுத்த மாட்டேன்.”

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காலையில் முப்பது தடவை போனதைச் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் கையை நீட்டி வண்டிச் சாவியை உருவினான். அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

“நாளையிலேர்ந்து இந்த வண்டிக்கி வேற ஆள் பாத்துக்கச் சொல்லி ஆபீஸ்ல சொல்ட்டேன். இத்த நீயே ஆபீஸ்ல குட்த்துடு, நான் கேட்டாலும் என் கையில குடுக்காத.”